ஆக்சலாட்டல்: மிதப்பும் பராமரிப்பும்
ஆக்சலாட்டல் மீனன்று, மெக்சிகோ நகரத்துச் சோச்சிமில்கோ நீர்நிலைகளுக்கு உரிய சாலமாண்டர். செவுளோடு நுரையீரலும் இருப்பதால் மேலே வந்து காற்றை விழுங்கும். சற்று நேரம் மிதந்து தானாகவே அடியில் இறங்கினால் அது நோயன்று. அப்படியானால் மிதப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லையே என்பார்கள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அந்த வாதம் நிற்காது. இவ்வுயிருக்கு ஏற்ற நீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். திருவள்ளூர் வட்டாரக் கோடையோ 40 டிகிரியைத் தொடுவது. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும், செரிமானம் கெடும், குடலில் வாயு சேரும். இறங்க முயன்றும் முடியாமல் வால் தூக்கியோ கவிழ்ந்தோ மிதந்தால், முதலில் நீரின் வெப்பத்தையும் அம்மோனியாவையும் சோதிக்க வேண்டும். மின்விசிறி போதாதா? அது சில டிகிரிதான் குறைக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அதுவும் இல்லை. விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளக்கூடிய சரளைக்கல்லும் தொட்டியில் கூடாது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வைக்க இயலாதவர்கள் ஆக்சலாட்டலை வாங்காதீர்கள்.