தான்றிக்காயும் தாயக்கட்டையும்

தில்லிப் பக்கம் குடிவந்த புதுசு. முதல் தீபாவளி. "இன்னிக்கு ஆடாதவன் அடுத்த ஜென்மத்துல கழுதை" என்று பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போய் சீட்டில் உட்கார வைத்தார். ரெண்டாயிரம் ரூபாய் போச்சு. தங்கமணி ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் சூதாட்ட வரலாறு படித்தேன் :-)

வடக்கே இந்த வழக்கத்துக்குச் சொல்லும் கதை, சிவனும் பார்வதியும் தாயம் உருட்டியது. ஆனால் சங்கதி இன்னும் பழசு. மொகஞ்சதாரோ, ஹரப்பா தோண்டியபோதே புள்ளி வைத்த பகடைகள் கிடைத்திருக்கின்றன.

வேதகாலத்து ஆளுக்குக் காய் வேறு: தான்றிக்காய். ஆமாம் மக்களே, திரிபலா சூரணத்தில் போடும் அதே தான்றிக்காய்தான்! ரிக்வேதம் 10ம் மண்டலம் 34ம் பாட்டு முழுக்க ஒரு சூதாடியின் புலம்பல். மாமியாருக்கு அவனைப் பிடிக்காது, பெண்டாட்டி விரட்டுகிறாள். அப்பவே அப்படித்தான்.

ஆட்டம் எப்படி? ஆய்வாளர்கள் சொல்வது இது. ஒரு கை காயை அள்ளி நாலு நாலாகப் பிரிக்கணும். மிச்சமே இல்லையென்றால் கிருதம், அதுதான் ஜெயம். மூணு மிஞ்சினால் திரேதா, ரெண்டு துவாபரம், ஒண்ணு கலி. யுகங்களுக்கும் இதே பெயர்கள்தான். நாம் இருப்பது தோற்கிற காயில்!

இதில் கண்பார்த்து எண்ணத் தெரிந்தவனுக்கு வழி உண்டு. ருதுபர்ணன் ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்ல, நளன் அந்த வித்தையைக் கற்று நாட்டை மீட்டான். ஆறுமுகப் பகடையில் அந்த வித்தை செல்லாது. ரெண்டு பகடைக்கு 36 விழுச்சி, அதில் ஏழு விழுவது 6. எப்படிப் பந்தயம் கட்டினாலும் இது மாறாது.

அப்போ ஜெயிப்பது யார்? இடம் கொடுத்தவர். அர்த்தசாஸ்திரத்தைப் பாருங்கள். அரசாங்க அதிகாரி சொன்ன இடத்தில்தான் ஆடணும், வேறெங்கும் ஆடினால் 12 பணம் அபராதம். அவர் தரும் காயில்தான் ஆடணும், கைவித்தையில் மாற்றினால் அதற்கும் 12 பணம். ஜெயித்தவன் நூற்றுக்கு ஐந்து அரசுக்குக் கட்டணும், காய்வாடகை, தண்ணீர்க்காசு தனி. தோற்றவனுக்கு இரட்டை அபராதம் போடலாம் என்றார்கள் பழைய ஆசிரியர்கள். கூடாது, அப்புறம் ஏமாந்தவன் எவனும் ராஜாவிடம் புகார் சொல்லவே வரமாட்டான் என்றார் கௌடில்யர். தோற்றவனை நினைத்துப் பார்த்த மனுஷர்!

நம் வள்ளுவர் 93 கள்ளுண்ணாமை, 94 சூது, அடுத்த 95 மருந்து என்று வைத்தார். தான்றிக்காய்க்கும் அதுதான் சரியான இடம்.

இப்போதெல்லாம் தீபாவளி ராத்திரி எங்கள் வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தாயக்கட்டைதான். பந்தயம் புளியங்கொட்டை. போன தடவை பொண்ணு ஜெயித்தாள். தங்கமணி பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

உங்கள் வீட்டில் தாயக்கட்டை பத்திரமாக இருக்கா?