செம்பனைக் குலை நிறைந்த கதை

1898-ல் யோஹன்னஸ் ஃபவுஸ்ட் என்ற ஜெர்மன் வண்டு நிபுணர், மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனில் பிடிபட்ட ஒரு மூக்கு வண்டை விவரித்து எழுதினார். நெல்மணியைவிடச் சின்னது. பழுப்பு நிறம், நீண்ட மூக்கு. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கேமரூன் அப்போது ஜெர்மனியின் காலனி. பெட்டி பெட்டியாகப் பூச்சிகள் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். உறவுக்கார வண்டுகளிலிருந்து இது வேறு இனம் என்று கண்டு, பிடித்த நாட்டின் பெயரையே ஒட்டி 'கேமரூனிக்கஸ்' என்று பெயர் வைத்தார். அதோடு வண்டு அருங்காட்சியகப் பெட்டிக்குள் போனது. எண்பது வருஷத்துக்கு அதைக் கோடிக்கணக்கில் காசாக்க முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நாளில் மலாக்காவில் பேச்செல்லாம் ரப்பரைப் பற்றி. புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்ற சீன வணிகர் 1896-ல் ரப்பர் நட்டு வழிகாட்டியிருந்தார். அடுத்த ஐம்பது அறுபது வருஷம், கப்பலேறி வந்த தமிழர்களுக்கு விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, பிறகு பால்வெட்டு என்று வாழ்க்கை ஓடியது. எண்ணெய் தரும் செம்பனையோ அந்த நாளில் அழகுக்கு நட்ட மரம். 1848-ல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த நான்கே நான்கு கன்றுகளின் வாரிசு. சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் 1917-ல் அதை வியாபாரத்துக்காக நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். துரை பின்னாளில் நாவல் எழுதி, பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார்! மரம் கடல் தாண்டி வந்துவிட்டது. ஆனால், வரும்போது ஒன்றை ஆப்பிரிக்காவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது.

அது தெரியாமலேயே, 1960-களில் ரப்பர் விலை சரியச் சரிய, பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடும் அலை நாடெங்கும் எழுந்தது. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களும் அதற்குத் தப்பவில்லை. மரம் வளர்ந்தது, குலையும் தள்ளியது. குலைதான் ஏமாற்றியது. வெளிப்பக்கம் பழம் சிவந்திருக்கும். அரிவாளால் பிளந்தால் உள்ளே காய்க்காத பிஞ்சும் முள்ளும்தான். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறு சமயத்தில் வருபவை. ஆகவே மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். அதைக் காற்று கொண்டுபோகும் என்றுதான் புத்தகங்கள் எழுதியிருந்தன. காற்று அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை. அப்படியானால் யார் செய்வது?

பெண்கள்தான். ஆண் பூவை வெட்டி, உலர்த்தி, மகரந்தத்தை உதிர்த்துச் சலித்து, டால்கம் பவுடரோடு கலப்பார்கள். நீண்ட குழாய் பொருத்திய ஊதுகருவியில் அதை நிரப்பிக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். மட்டை முள்ளை விலக்கி, இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும் பெண் பூவைத் தேடி, விரிந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு ஊது. பூ விரிந்து நிற்பது சில நாள்தான். ஆகவே சில நாளுக்கு ஒருமுறை அதே வரிசைக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு மரத்துக்கே கல்யாணம் செய்து வைக்கும் இந்தத் தரகு வேலைக்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் கூலிக்குப் போனார்கள். சபாவில் நிலைமை இன்னும் மோசம். ஏன் சபாவில் மட்டும் அப்படி? அந்தக் கேள்விக்குள்தான் விடை ஒளிந்திருந்தது.

விடையின் நுனியைப் பிடித்தவர் பூச்சியியல் படித்தவர் அல்லர். லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர். மலாயாவில் வேலை பார்த்தவரை யூனிலீவர் 1950-களில் கேமரூனுக்கு அனுப்பியது. அங்கே யாரும் மகரந்தம் ஊதவில்லை. ஆனால், குலைகளில் பழம் திணிந்திருந்தது. பூக்களிலோ வண்டு மொய்த்தது. 'காற்றாவது மண்ணாவது' என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால், புத்தகத்தை எதிர்க்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. 1974-ல் யூனிலீவர் தோட்டப் பிரிவின் துணைத் தலைவரானதும் அது வந்தது. பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையதிடம் ஆராய்ச்சி ஒப்படைக்கப்பட்டது.

சையத் காற்றை விட்டுப் பூச்சியை மட்டும் தடுத்துப் பார்த்தார், காய்ப்பு படுத்துவிட்டது. தீபகற்பத்தில் ஏதோ கொஞ்சம் காய்த்ததற்குக் காரணம் இலைப்பேன் என்ற துளிப் பூச்சி. சபாவில் அதுவும் இல்லை. அப்படியானால் ஆப்பிரிக்க வண்டைக் கொண்டுவந்தால் போதும். ஆனால் எந்த வண்டை?

சிக்கல் அங்கேதான். கேமரூனில் ஒரே ஆண் பூவில் பல இன மூக்கு வண்டுகள் குடியிருந்தன. கேமரூனிக்கஸ், பிளாகியாட்டஸ், சிங்குலாரிஸ் என்று எல்லாமே ஈலிடோபியஸ் பேரினத்துப் பங்காளிகள். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே பழுப்புப் பொட்டு. உருப்பெருக்கியில் வைத்தால் குட்டு வெளிப்படும். கேமரூனிக்கஸ் ஆணின் இறக்கையுறை தொடங்கும் இடத்தில் இரண்டு சிறு மேடுகள், ஓரங்களில் ரோமம். பெண்ணுக்கு மேடு இல்லை, மூக்கு நீளம். ஃபவுஸ்ட் பிரித்து வைத்தது வீண்போகவில்லை. ஏனென்றால், உடம்பில் அதிக மகரந்தத்தைச் சுமந்தது இந்த இனம்தான். மழையிலும் வெயிலிலும் சளைக்காததும் இதுவே. முட்டையிடுவது உதிரப்போகும் ஆண் பூவில். புழு தின்பதும் அதையே. பெண் பூவில் அதற்குச் சாப்பாடே இல்லை. ஆண் பூவைப் போலவே சோம்பு வாசனை வீசி, பெண் பூ வண்டை ஏமாற்றி வரவழைக்கிறது. ஏமாந்த வண்டு மகரந்தத்தைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. ஆனால் வெளிநாட்டுப் பூச்சியை அவிழ்த்துவிட எந்த அரசாங்கம் துணியும்?

வேறு பயிர்களில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றில் அது பெருகவில்லை. ஆப்பிரிக்க நோய்க்கிருமி கூடவே வந்துவிடக் கூடாதென்று 1980-ல் தனிமைக் கூடத்தில் வளர்த்தார்கள். 1981 பிப்ரவரியில், ஜொகூரின் குளுவாங் அருகே தோட்டத்தில் திறந்துவிட்டார்கள்.  வண்டு மலாக்காவைத் தாண்டி வடக்கே பரவியது. ஓரிரு ஆண்டில் தீபகற்பம் முழுக்க அதன் கையில். பாதி காய்த்த குலைகளில் பழம் நெருக்கியடித்தது. 1981-ல் ஏறத்தாழ 28 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய், 1982-ல் 35 லட்சம் டன்னானது. பருப்பு உடைக்கும் ஆலைகள் வரத்தைத் தாங்காமல் திணறின. ஆனால் 1983-ல் உற்பத்தி 30 லட்சத்துக்குச் சரிந்தது. வண்டு மரத்தை உறிஞ்சிவிட்டதா என்று முணுமுணுப்பு எழுந்தது.

உறிஞ்சவில்லை. ஒரேயடியாகக் காய்த்த மரம் களைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருஷமே உற்பத்தி பழைய உச்சத்தையும் தாண்டியது. 1985-ல் இதே வண்டு கேரளத்துக்கும் போனது.

நஷ்டக் கணக்கை யாரும் அவ்வளவு கவனமாக எழுதவில்லை. ஊதுகருவியோடு போன பெண்களின் வேலை தோட்டத்துச் செக்ரோல் பட்டியலிலிருந்து மறைந்தது. வண்டுக்குச் சம்பளமும் இல்லை, சேமநிதியும் இல்லை என்பது கம்பெனிகளுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! இன்று மலேசியாவில் செம்பனைக்குக் கையால் மகரந்தம் ஊதுவது முக்கியமாக ஒரே ஓர் இடத்தில்தான்: உயர்ரக விதை தயாரிக்கும் நிலையங்களில். அங்கே பெண் பூவுக்கு இறுக்கிப் பை கட்டுகிறார்கள். அழைக்காத மகரந்தத்தோடு இந்த வண்டு உள்ளே புகுந்துவிடக் கூடாதே என்றுதான்.