எடைக் குறைப்பில் மன ஊக்கம்

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி, குளியலறையின் அழுக்குத் துணிக் கூடைக்குள் பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒளித்துவைத்திருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்துச் சாப்பிடுவார். 1961இல் அவரது எடை 97 கிலோ. கடையில் எதிர்ப்பட்ட தெரிந்த பெண் ஒருவர், அவர் கர்ப்பமாக இருப்பதாக நினைத்துப் பிரசவம் எப்போது என்று விசாரித்தார். நைடெட்ச் நகரச் சுகாதார வாரியத்தின் பருமன் சிகிச்சை மையத்துக்குப் போனார். பத்து வாரத்தில் 9 கிலோ இறங்கியது. கூடவே உற்சாகமும் இறங்கியது. பிஸ்கட் விஷயத்தை அங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தன்னைப் போலவே எடையோடு போராடிய ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, அவர்களிடம்தான் அதை உடைத்துச் சொன்னார். அவர்களும் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். கூட்டம் வாரந்தோறும் தொடர்ந்தது. இரண்டே மாதத்தில் நாற்பது பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் எடை 64 கிலோ. அந்த வரவேற்பறைக் கூட்டமே 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமாயிற்று. அவர் கையில் இருந்தது சிகிச்சை மையம் கொடுத்த அதே உணவுத் திட்டம். புதிதாகச் சேர்ந்தது, மனம்விட்டுப் பேச ஆட்கள்.

நீண்டகால எடைக் குறைப்பில் ஊக்கம் குன்றுவதை மனவுறுதிக் குறைவு என்று பழிப்பது எங்கும் உள்ள வழக்கம். அது தவறு, கொடுமையும்கூட. முதல் சில வாரங்களில் எடை மளமளவென்று இறங்கக் காரணம், உடல் சேமித்துவைத்த கிளைக்கோஜன் கரைவதும் அதனோடு பிணைந்திருந்த நீர் வெளியேறுவதும். அது முடிந்ததும் வேகம் குறைகிறது. கொழுப்பு குறையக் குறைய, மூளைக்குப் போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோனும் குறைகிறது, பசி கூடுகிறது. ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றலும் சரிகிறது.

இந்தச் சரிவு எவ்வளவு ஆழமானது என்பதை ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி காட்டிக்கொடுத்தது. அதில் பங்கேற்ற 14 பேரைப் பற்றிய ஆய்வை கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்டனர். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு ஆறு ஆண்டுகளில் 41 கிலோ திரும்பியிருந்தது. அப்போதும் அவர்களது உடல், கணக்குப்படி எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்தது. இப்படிப்பட்ட எதிர்ப்போடு மல்லுக்கட்டுபவரிடம் போய் ‘வாயைக் கட்டு’ என்று சொல்வதில் என்ன நியாயம்?

ஆனாலும் சாதித்தவர்கள் உண்டு. 13.6 கிலோவுக்குக் குறையாமல் இழந்து, ஓராண்டாவது அதைக் காத்தவர்களை 1994 முதல் அமெரிக்காவின் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு தொடர்ந்து கவனித்துவருகிறது. 10,000 பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாதபடி, காலை நடையைப் பல் தேய்ப்பதைப் போலப் பழக்கமாக்கிக்கொள்வதே இதற்கு வழி. சாப்பிட்டதை எழுதிவைப்பதும் கைகொடுக்கும். ஏறக்குறைய 1,700 பேரைக் கொண்ட 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், தினமும் எழுதியவர்கள் எழுதாதவர்களைப் போல இருமடங்கு எடை குறைத்தார்கள்.

எடை மெஷினை மட்டும் நம்புவோர் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் கூடினாலே உடலில் நீர் தங்கி முள் ஏறிவிடும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களின் எடை மூன்றாண்டுகளில் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தபோது, இவர்களில் 39 சதவீதத்தினருக்கே வந்தது.