வெள்ளைச் சேலையில் ஒரு கலைப்பயணம்

கொடுமுடி கோகிலம் என்று தமிழர்கள் அன்போடு அழைத்த கே.பி. சுந்தராம்பாளை நினைத்தாலே, வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைய திருநீறும்தான் கண்முன் வரும். ஔவையார் என்றால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நாமெல்லாம் நம்பும் அளவுக்கு அந்தத் தோற்றம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால், அந்த வெள்ளைச் சேலையை அவர் படத்துக்காக உடுத்தவில்லை. 25 வயதிலேயே வாழ்க்கை அவருக்கு அதை உடுத்திவிட்டது.

1908ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். வறுமையான குடும்பம். ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமியின் குரல், அவரை வேலு நாயர் நாடகக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அந்தக் கணீர்க் குரல்தான் அவருடைய முதலீடு.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

இலங்கை நாடக மேடையில் அவரோடு இணைந்தவர், செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா. இருவரும் போட்டி போட்டுப் பாடினால் கொட்டகை நிரம்பி வழியும். 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிணக்குகளும் பிரிவும் வந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா காலமானார்.

இனி எந்த ஆணுடனும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் உறுதி பூண்டார். காதல் நாயகி வேடம் இல்லாத நடிகைக்கு அந்நாளில் என்ன வேலை இருக்க முடியும்? அவருடைய கலை வாழ்வு அத்தோடு முடிந்தது என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

ஒரு லட்சம் ரூபாய்

ஆனால், அவர் திரும்பி வந்தார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். நடிக்க விருப்பமில்லாததால்தான் அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் அசன்தாஸ் அதற்கும் சம்மதித்துவிட்டார் என்றும் சொல்லப்படுவதுண்டு.

அதன்பின் அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். 1940இல் துறவியான மணிமேகலை. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்'. 1964இல் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையார். எதிலும் காதலன் இல்லை, கணவன் இல்லை. அவர் கதைக்காகத் தம் உறுதியை மாற்றிக்கொள்ளவில்லை. திரையுலகம்தான் அவருக்கேற்ற கதைகளைத் தேடியது.

மேடையிலும் மேலவையிலும்

விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார் சுந்தராம்பாள். பின்னர் சென்னை சட்ட மேலவையின் உறுப்பினரானார். திரையுலகிலிருந்து சட்டமன்றம் சென்றவர்களில் அவர் ஒரு முன்னோடி. 1969இல் வெளிவந்த 'துணைவன்' படப் பாடல்களுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும் அவரைத் தேடி வந்தது.

கிட்டப்பாவுக்குப் பிறகு 47 ஆண்டுகள் வாழ்ந்து, 1980இல் மறைந்தார் சுந்தராம்பாள். கணவரை இழந்த பெண் வீட்டு மூலையில் முடங்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், அதே வெள்ளைச் சேலையோடு மேடையேறித் தம் விலையைத் தாமே சொன்னவர் அவர். அடுத்த முறை 'ஔவையார்' படம் பார்க்கும்போது, பாட்டியின் வேடத்துக்குள் இருக்கும் அந்தத் துணிச்சலான பெண்ணையும் பாருங்கள்.