அரைமண்டி யாருடையது?

குத்தாலத்துக்கு அருகிலுள்ள பந்தநல்லூரிலும் வழுவூரிலும் நட்டுவனார்கள் எனும் நடன ஆசான்கள் வளர்த்த பரதநாட்டியத்தில், தொடங்குபவர் முதலில் பழகுவது அரைமண்டி. முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, முதுகு வளையாமல் அரையளவு தாழ்ந்து நிற்க வேண்டும். பாலேயிலும் தொடக்கம் பாதங்களை வெளிப்புறம் திருப்பி நிற்பதுதான். பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அரசவையில் பியர் போஷாம் அதன் ஐந்து நிலைகளை வகுத்தார். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி பாலே கற்ற பிறகே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்தார். 1936இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். இதை வைத்து, அரைமண்டியின் கறார்த்தன்மையே பாலே தந்தது என்பவர்கள் உண்டு.

அது பொருந்தாது. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் கரணம் எனும் நடன அசைவுகளின் 81 சிற்பங்கள் உள்ளன. மடங்கி விரிந்த முழங்கால்களை அங்கே ஆயிரம் ஆண்டுகளாகக் காணலாம். சிற்பம் பயிற்சிமுறைக்குச் சான்றாகுமா என்று கேட்பது நியாயமே. அதற்கு வலுவான விடை பாலசரஸ்வதி. தஞ்சை நால்வர் எனப்பட்ட நட்டுவச் சகோதரர்களின் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். பாலே நிழல்படாத அந்தப் பயிற்சியும் அரைமண்டியில் தட்டடவு எனும் அடிப்படை அடியைப் பழகி, மூன்று காலங்களில் வேகம் ஏற்றுவதுதான். கலாக்ஷேத்ராவின் நேர்கோட்டு அழகிலும் மேடை ஒழுங்கிலும் பாலேக்குப் பங்கிருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. தட்டுக்கழியின் தாளத்துக்குத் தாழ்ந்து நிற்கும் உடலோ காவிரிக்கரை நட்டுவனார்களின் உழைப்பு. அவர்கள் பெயரைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது அநீதி.