முதலாண்டின் இரு சிட்சைகள்: வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கலாசாலையில் புதுமாணவர் வாழ்க்கையின் வரலாறு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதி வளைந்து திரும்பும் இடத்து மேட்டுநிலத்தில் அமைந்திருக்கும் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கலாசாலையில் புதிதாகச் சேரும் மாணவனுக்கு முதலாண்டு முழுவதும் இரண்டு பரீட்சைகள் ஒருங்கே நடைபெறுகின்றன. ஒன்று, ஆசிரியர் முன்னிலையில் பாடங்களில் நாள்தோறும் நடப்பது. மற்றொன்று, மூத்த மாணவர் முன்னிலையில் நடையிலும் உடையிலும் உணவிலும் பேச்சிலும் விடியற்காலை முதல் விளக்கணைக்கும் நேரம் வரை நடப்பது. ‘பிளீப்’ என்று அழைக்கப்படும் இம்மாணவன் படும் பாட்டைப் பற்றி எழுதிய பலரும், இவ்விரண்டும் ஒரே காலத்தில் ஒரே நோக்கத்தோடு பிறந்த இரட்டை நியமங்கள் என்றே எண்ணியிருக்கின்றனர். ஆனால் இக்கலாசாலையின் வரலாற்றைக் காலவரிசையில் நோக்குமிடத்து, பாடத்தின் கடுமை ஸ்தாபனமே திட்டமிட்டு வகுத்த விதி என்பதும், மூத்தோர் தரும் கடுமையோ பிற்காலத்தில் வளர்ந்து, தனக்குப் பழமையைக் கற்பித்துக்கொண்ட வழக்கம் என்பதும் புலனாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

1. ஒழுங்கின்றி இருந்த தொடக்கம்

ஜனாதிபதி ஜெஃபர்சன் 1802 மார்ச் 16-ஆம் தேதி கையொப்பமிட்ட சட்டத்தால் தோன்றிய இக்கலாசாலையில், முதற் பத்தாண்டுகளில் முதலாண்டு என்று தனித்துச் சொல்லத்தக்க ஒன்று இருந்ததாகவே கூற இயலாது. வயது வரம்பு இல்லாமையால் பாலரும் முப்பதைக் கடந்தவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். படிப்புக்கு நிலையான கால அளவும் இல்லை. 1812-இல் இயற்றப்பட்ட சட்டமே மாணவர் தொகையை 250 என்றும், வயதைப் பதினான்குக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்டது என்றும், சேர்வதற்கு வேண்டிய தகுதியை வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் தேர்ச்சி என்றும் வரையறுத்தது. வரையறை ஏட்டில் ஏறியதே யன்றி நடைமுறையில் ஏறவில்லை. புதியவன், பழையவன் என்ற பேதத்துக்கு ஆதாரமான வகுப்பேற்றமே சரிவர அமையாத அக்காலத்தில், மூத்தோர் இளையோரை ஆள்வதற்குரிய படிநிலையும் உருவாகவில்லை.

2. தேயரும் கரும்பலகையும்

1817-இல் தலைமை ஏற்ற சில்வேனஸ் தேயர், அதற்கு முந்திய இரண்டாண்டுகளைப் பிரான்சில் கழித்து, அந்நாட்டு இராணுவக் கல்விமுறையை நேரில் ஆராய்ந்து, ஏராளமான நூல்களோடு திரும்பியவர். 1833 வரை அவர் நடத்திய ஆட்சியில்தான் நான்காண்டுப் படிப்பு உறுதிபெற்றது. சேர்ந்தவன் நான்காம் வகுப்பிலிருந்து தொடங்கி முதல் வகுப்பை நோக்கி ஏறும் தலைகீழ் எண்ணிக்கையும் நிலைத்தது.

முதலாண்டின் பாடங்கள் பெரும்பாலும் இரண்டே: காலைவேளை கணிதத்துக்கு, பிற்பகல் பிரெஞ்சுக்கு. போர்க்கலையையும் கோட்டை அமைப்பையும் பற்றிய சிறந்த நூல்கள் அன்று பிரெஞ்சு மொழியிலேயே இருந்தமையால் அம்மொழியும், மேல்வகுப்புகளில் வரவிருந்த பொறியியலுக்கு அடிப்படையாகக் கணிதமும் வேண்டப்பட்டன. கற்பித்த விதமோ பாடத்தினும் கடினமானது. ஆசிரியர் விரிவுரை நிகழ்த்த, மாணவர் கேட்டுக் குறித்துக்கொள்ளும் முறைக்கு மாறாக, முன்னிரவே பாடத்தைத் தானாகப் படித்து வந்த மாணவன், மறுநாள் கரும்பலகையின் முன் நின்று, தான் நிரூபிக்க வேண்டியது இன்னதென்று அறிவித்து, படிப்படியாக விளக்கி, ஆசிரியரின் குறுக்குவினாக்களுக்கும் விடை கூறுதல் வேண்டும். நெப்போலியனின் பீரங்கிப் படையில் பணியாற்றி 1816-இல் இங்கு ஆசிரியராக வந்த கிளாடியஸ் குரோசே, வடிவகணிதத்தைக் கற்பிப்பதற்குக் கரும்பலகையை இடையறாது பயன்படுத்தியது இம்முறை வேரூன்றப் பெருந்துணை புரிந்தது.

ஒவ்வொரு விடைக்கும் மூன்றை உச்சமாகக் கொண்ட மதிப்பெண் அன்றன்றே இடப்பட்டது. மதிப்பெண்ணின் வரிசைப்படி மாணவர் சிறுசிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டு, உயர்ந்தோர் மேற்பிரிவுக்கும் தாழ்ந்தோர் கீழ்ப்பிரிவுக்கும் மாற்றப்பட்டனர். ஜனவரியில் நடந்த பரீட்சையில் தவறியவன் குடும்பச் செல்வாக்கு எதுவாயினும் ஊர் திரும்ப வேண்டியதே. மாதம் 16 டாலர் சம்பளமும் உணவுப்படியும் பெற்ற மாணவன், வீட்டிலிருந்து பணம் வரவழைக்கலாகாது என்று தேயர் விதித்ததால், செல்வன் மகனும் உழவன் மகனும் ஒரே கணக்கேட்டின் கீழ் வாழ்ந்தனர். இரண்டாண்டுகள் முடியும் வரை ஊருக்குச் செல்ல விடுமுறையும் கிடையாது.

இவ்வளவு கடுமைக்கிடையே ஒரு செய்தி தனித்துக் கவனிக்கத்தக்கது. ஒழுக்கக் குறைகளுக்கு எண் இட்டு, ஓராண்டில் இருநூறு எண் சேர்ந்தவனை விலக்கும் விதியில், முதலாண்டு மாணவனின் குற்றத்துக்கு எண் அப்படியே நிற்க, மேல்வகுப்பினனுக்கு அதே குற்றத்தின் எண் ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக் கணக்கிடப்பட்டது. அறிந்தவனுக்குத் தண்டனை மிகுதி, அறியாதவனுக்குக் குறைவு என்பதே தேயர் காலத்து நீதி. பிற்காலத்து வழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும்.

அக்கால மாணவர் இருவரின் வாழ்க்கை இம்முறையின் இயல்பைக் காட்டும். 1830-இல் சேர்ந்த எட்கர் ஆலன் போ, ஜனவரிப் பரீட்சையில் பிரெஞ்சில் மூன்றாம் இடமும் கணிதத்தில் பதினேழாம் இடமும் பெற்றும், அணிவகுப்புகளையும் வகுப்புகளையும் புறக்கணித்த குற்றத்துக்காக 1831-இல் இராணுவ நீதிமன்றத்தால் விலக்கப்பட்டார். 1839-இல் வேண்டாவெறுப்பாக வந்துசேர்ந்த யுலிசிஸ் கிராண்ட், கலாசாலையையே ஒழித்துவிடலாமா என்று காங்கிரஸில் நடந்த விவாதத்தை, ஒழிந்தால் நலமென்ற ஆவலோடு பத்திரிகைகளில் படித்து வந்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

3. வேடிக்கை வதையான விதம்

மூத்தோர் இளையோரைச் சீண்டும் வழக்கம் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்னும் இல்லாமலில்லை. எனினும் அது கோடைக்காலப் பாசறையில், உறங்குபவனைக் கூடாரத்திலிருந்து வெளியே இழுத்துப் போடுதல், இரவுக் காவல் நிற்பவனைப் பயமுறுத்துதல் போன்ற குறும்புகளோடு நின்று, படிப்பு தொடங்கியதும் பெரிதும் அடங்கிவிடுவதாகவே இருந்தது. அப்போர் முடிந்த 1865-க்குப் பின்னரே அது ஆண்டு முழுவதற்கும் பரவி, முறையும் பெயரும் பெற்ற வதையாயிற்று.

காரணம் ஒன்றன்று. போரின் இருதரப்பு முதன்மைத் தளபதிகளுள் பெரும்பாலோர் இக்கலாசாலையில் பயின்றவராதலால், இங்குள்ளது யாதொன்றும் மாற்றத்தகாதது என்ற பக்தி பழைய மாணவரிடையே பரவிற்று. ஆல்பர்ட் சர்ச் என்பவர் 1837 முதல் 1878 வரை ஒருவரே கணிதப் பேராசிரியராக வீற்றிருந்ததிலிருந்து, கல்விக்குழுவும் எவ்வளவு அசைவற்றிருந்தது என்பதை ஊகிக்கலாம். புதுமை வராத இடத்தில் சம்பிரதாயம் தானே பெருகுதல் இயல்பு. மார்பை நிமிர்த்தி மோவாயை உள்ளிழுத்து நெடுநேரம் விறைத்து நிற்றல், கைகளை விரித்து முழங்கால் மடித்து மயங்கும் வரை எழுந்தமர்தல், உண்ணத்தகாதவற்றை உண்ணுதல் ஆகிய யாவும் இளையவனின் கடமைகளாயின. இன்று நம் கல்லூரிகளில் ராகிங் எனப்படும் தீமையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சாஸ்திரமாக்கியவர்கள் இவர்கள்.

இதனை எதிர்த்தவர் இல்லையென்பதுமில்லை. 1879 ஆகஸ்டில் தலைமை அதிகாரி ஜான் ஸ்கோஃபீல்டு மாணவர் முன் ஆற்றிய உரையில், சுதந்திர நாட்டுப் போர்வீரனைக் களத்தில் நம்பத்தக்கவனாக்கும் ஒழுக்கம் கொடுமையால் விளைவதன்று என்று வற்புறுத்தினார். அவ்வுரையின் பகுதியொன்று பிற்காலத்தில் முதலாண்டு மாணவர் மனப்பாடம் செய்து, மூத்தோர் கேட்டபோதெல்லாம் பிழையின்றி ஒப்பிக்க வேண்டிய பாடமாயிற்று. கொடுமையைக் கண்டித்த வாசகமே கொடுமையின் கருவியானதைக் காட்டிலும் இவ்வழக்கத்தின் வலிமைக்கு வேறு சான்று வேண்டா.

4. விசாரணையும் சீர்திருத்தமும்

1898-இல் சேர்ந்து சில மாதங்களிலேயே விலகிய ஆஸ்கார் பூஸ் 1900 டிசம்பரில் காசநோயால் இறந்தார். காரமான குழம்பைப் பலவந்தமாகக் குடிக்கச் செய்ததே காரணம் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். காங்கிரஸ் நியமித்த குழு, மரணத்துக்கு வதை நேர்க்காரணமென்று கொள்ளாவிடினும், அங்கு நிலவிய பழக்கங்களைக் கடுமையாகக் கண்டித்தது. 1901-இல் அவற்றைத் தடுக்கும் சட்டமும் பிறந்தது. அக்குழுவின் முன் சாட்சி கூற அழைக்கப்பட்டவருள் ஒருவர், தாமும் வதைக்குள்ளான இளம் மாணவர் டக்ளஸ் மக்ஆர்தர்.

அவரே 1919-இல் தலைமை அதிகாரியாக வந்தார். முதல் உலகப்போரின் அவசரத்தால் 1918 நவம்பரில் மேல்வகுப்பினர் காலத்துக்கு முன்பே பட்டம் பெற்றுச் சென்றுவிட்டமையால், பழக்கம் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் தொடர்ச்சி அப்போது அறுபட்டிருந்தது. புதுமாணவரின் முதற் பயிற்சியை மூத்த மாணவரிடமிருந்து எடுத்து அதிகாரிகளிடம் ஒப்புவித்ததும், எவை தகும், எவை தகா என்பதை எழுத்தில் வகுக்க மேல்வகுப்பினர் குழுவொன்றை அமைத்ததும், ஆசிரியர்களைப் பிற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிப் பார்வையிடச் செய்ததும் அவருடைய சீர்திருத்தங்கள். 1922-இல் அவர் நீங்கியதும் வந்தவர் அவற்றுள் பலவற்றைக் கைவிட்டார். அறுந்த தொடர்ச்சி மீண்டும் கட்டப்பட்டது. ஆனால் இம்முறை எழுதப்பட்ட விதிகளின் ஆதரவோடு. வழக்கமாக இருந்தது, ‘நான்காம் வகுப்பு முறை’ என்ற பெயரில் ஏற்பாடாகவே உயர்ந்தது.

5. முறை நீங்கிய பின்

1976 ஜூலையில் 119 பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தனர். அவருள் 62 பேர் 1980-இல் பட்டம் பெற்றனர். பெண்கள் சேர்ந்த அதே 1976-இல், பலர் சிக்கிய மின்பொறியியல் பரீட்சை முறைகேடும் வெளிப்பட்டு, விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது. மனவுறுதியை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்ட முறையில் பயின்றவரே இவ்வாறு தவறியபோது, அம்முறையின் பயன் யாதென்ற வினா தவிர்க்கமுடியாததாயிற்று. 1990-இல் நான்காம் வகுப்பு முறை நீக்கப்பட்டு, நான்காண்டிலும் ஒவ்வொரு வகுப்பினருக்கும் பொறுப்பை வளர்க்கும் புதிய ஏற்பாடு வந்தது. முதலாண்டினன் இன்றும் சலவைத்துணி சுமப்பதும், அணிக்கு அழைக்கும் நேரத்தை உரக்கக் கூவுவதும், கோடையில் ‘பீஸ்ட்’ எனப்படும் ஆரம்பப் பயிற்சியைக் கடப்பதும் உண்மையே. ஆனால் மூத்தோனின் விருப்பத்துக்கு இருந்த எல்லையின்மை போயிற்று.

மாறாக, தேயர் இட்ட அடித்தளம் இன்னும் அசையவில்லை. கணிதத்தோடு வேதியியல், வரலாறு, ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி முதலியன முதலாண்டில் சேர்ந்துள்ளபோதிலும், சிறு பிரிவுகளும், முன்கூட்டியே தானாகப் படித்துவரும் கடமையும், பலகைகள் சூழ்ந்த வகுப்பறையில் எழுந்து நின்று விளக்கும் வழக்கமும் தொடர்கின்றன.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால், முதலாண்டின் இரு சிட்சைகளுள் ஒன்று கலாசாலையின் பிறப்போடு ஏறக்குறைய ஒத்தது, மற்றது அதற்கு அரை நூற்றாண்டு இளையது என்பது தெளிவாகும். இளையதே தன்னை அநாதியென்று அறிவித்துக்கொண்டு, சட்டத்தையும் தலைமையையும் நூறாண்டுக்கு மேல் எதிர்த்து நின்றது. மூத்தது எவ்வித ஆரவாரமுமின்றித் தன் பயனாலேயே நிலைத்தது. ஒரு ஸ்தாபனத்தின் பழக்கத்தைப் பழமையின் பெயரால் காக்க முற்படுவோர், அது எந்த ஆண்டில், யாரால், எந்தத் தேவைக்காகத் தோன்றிற்று என்பதை முதலில் காட்டக் கடமைப்பட்டவர். அவ்வாறு காட்ட இயலாதபோது அப்பழக்கத்துக்கு நம் மரியாதை உரியதாகாது.