பல்கேரியரின் எழுத்துத் திருநாளும் சென்னை மணலும்

மே 24-ஆம் நாள் பல்கேரியாவில் அரசு விடுமுறை. கல்விக்கும் பண்பாட்டுக்கும் அவர்கள் எடுக்கும் விழா அது. சிரில், மெத்தோடியஸ் என்னும் இரு சகோதரர்களின் பெயரால் நடக்கிறது. ரோஜா எண்ணெய்க் கொள்முதலுக்குப் போன இடத்தில் அதைக் காணும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. கசான்லக் பள்ளத்தாக்கில் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை பூ எடுப்பார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ வேண்டும். சீசனில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படிப்பட்ட சமயத்தில், கணக்கை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "இன்னைக்கு எங்க எழுத்து நாள், நாளைக்குப் பார்ப்போம்" என்று எண்ணெய்க்காரர் சொல்லிவிட்டார். வியாபாரி ஒருவர் சீசனில் கணக்கைத் தள்ளிப் போடுகிறார் என்றால் விஷயம் இல்லாமலிருக்காது என்று, ஷிப்கா கணவாயைத் தாண்டிக் கப்ரோவோ ஊருக்குப் போனேன்.

ஊர்வலம் பார்த்தேன். சகோதரர் இருவரின் படத்துக்குப் பூவளையம் சூட்டிப் பிள்ளைகள் தூக்கி வந்தார்கள். ஆளுக்கு ஓர் எழுத்தை ஏந்தி வந்த சிறுவர்களும் உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்கும் இளைஞர்கள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூவிக் கூவி எண்ணுகிறார்கள். பன்னிரண்டு வகுப்பு முடிந்ததாம்! காது அடைத்துப்போயிற்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். சகோதரர் இருவரும் தெசலோனிக்கி நகரத்தவர். ஸ்லாவிய மொழிக்கென எழுத்து ஒன்றை அமைத்துக்கொண்டு, 863-ஆம் ஆண்டு வாக்கில் மொராவிய நாட்டுக்குப் போனார்கள். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்றைத் தவிர வேறு மொழியில் இறைவழிபாடு கூடாது என்று வாதிட்டவர்களோடு சிரில் வெனிஸ் நகரில் மல்லுக்கு நின்றிருக்கிறார். அவர் 869-லும் மெத்தோடியஸ் 885-லும் காலமானார்கள். உடனே சீடர்களை விரட்டினார்கள். சிலரை அடிமைகளாகவே விற்றுவிட்டார்கள். தப்பியவர்களில் கிளெமென்ட், நாஉம் முதலியோர் 886-ல் பல்கேரியா சேர்ந்தனர். மன்னர் போரிஸ் வரவேற்று ஆதரித்தார். ஓக்ரிட் பகுதியில் கிளெமென்ட் 3,500 மாணாக்கரைப் பயிற்றினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் கூறுகிறார்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லவேண்டும். இன்று நாம் சிரிலிக் என்று அழைக்கும் எழுத்தைச் சிரில் செய்யவில்லை. அவர் செய்தது கிளாகோலிதிக் என்னும் வேறு எழுத்து. சிரிலிக், அவருக்குப் பின் பல்கேரிய மண்ணில் உருவாகி, ஆசிரியர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குருபக்தி என்றுதான் சொல்லவேண்டும்.

1396-க்குள் பல்கேரியா முழுவதும் துருக்கியர் ஆட்சிக்குப் போயிற்று. பின்னாளில் திருச்சபையும் உயர்கல்வியும் கிரேக்கர் கையில் இருந்தன. வீட்டில் பேச்சு பல்கேரியம். கடைக் கணக்கும் கடிதமும் கிரேக்கம். தம் மொழியையே கிரேக்க எழுத்தில் எழுதியவர்களும் இருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மும்பையில் இருக்கும் நம் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. என் பேத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள்; பாட்டிக்கு அனுப்பும் செய்தியை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள்.

இந்த நிலையில் முன்வந்தவர் ஒரு வியாபாரி. வாசில் அப்ரிலோவ், கப்ரோவோவில் 1789-ல் பிறந்து, கருங்கடல் துறைமுகமான ஒதெஸ்ஸாவில் குடியேறித் தொழில் செய்தவர். முதலில் அவரும் கிரேக்கப் பற்றாளர்தான்; கிரேக்கருக்கே பொருளுதவி செய்துவந்தார். யூரி வெனெலின் 1829-ல் பல்கேரியரைப் பற்றி வெளியிட்ட நூலைப் படித்த பிறகு மனம் மாறினார். ஒதெஸ்ஸாவில் இருந்த நிக்கோலாய் பலாவுசோவ் முதலிய ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பணம் திரட்டி, 1835 ஜனவரியில் கப்ரோவோவில் பள்ளி திறக்கச் செய்தார். பல்கேரிய மொழியில் நடந்த முதல் புதுமுறைப் பள்ளி அதுவே. பிழைக்கப் போன இடத்திலிருந்து ஊருக்கு அனுப்பிய பணத்தில் வந்த பள்ளி. நால்வகைத் தானத்தில் சாஸ்திர தானம் என்று எங்கள் சமணப் பெரியோர் சொல்வது இதைத்தானே!

அப்பள்ளிக்கு முதல் ஆசிரியர் நெயோஃபிட் ரில்ஸ்கி என்ற துறவி. புதிய கற்பிக்கும் முறையைப் பயின்று வர அவரைப் புக்காரெஸ்ட் நகருக்கு அனுப்பினார்கள். ஓர் ஆசிரியர், நிறையப் பிள்ளைகள். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சிறு பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். காகிதச் செலவும் இல்லை, சம்பளச் செலவும் குறைவு. கப்ரோவோவில் கல்வி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே இந்த முறையை விளக்கக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம ஊர் திண்ணைப் பள்ளிக்கூடமும் சட்டாம்பிள்ளையும் அல்லவா இது!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இம்முறைக்கு பெல்-லங்காஸ்டர் முறை என்று பெயர். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னை வந்து, 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்தினார். 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை 'மலபார்' என்றே எழுதுவது வழக்கம். எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டே சிறுவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிவைத்தார். 1797-ல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்றே பெயர் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் தனியே ஒரு பள்ளி நடத்தி இதைப் பல நாடுகளுக்கும் பரப்பினார். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டை முழுக்க நமதென்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். பெல் அதைத் தம் யோசனை என்றே சொல்லிக்கொண்டார். மணல் மட்டும் நம்முடையது. அதற்கு அவரே சாட்சி.

கப்ரோவோவைப் பார்த்து ஊருக்கு ஊர் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. அப்ரிலோவ் தம் சொத்தில் பள்ளிக்குப் பங்கு எழுதிவைத்துவிட்டு 1847-ல் மறைந்தார். நான்கு ஆண்டு கழித்து, கிரேக்கச் செல்வாக்கு ஓங்கியிருந்த ப்ளோவ்டிவ் நகரில், ஒதெஸ்ஸாவில் படித்துத் திரும்பிய நைடன் கெரோவ் நிறுவிய சிரில்-மெத்தோடியஸ் பள்ளியில், 1851 மே 11 அன்று முதன்முதலாக இவ்விழா எடுக்கப்பட்டது. நாடே இல்லாத காலம்; அரசாணை எங்கிருந்து வரும்? வாத்தியாரும் பிள்ளைகளும் கொண்டாடினார்கள், அவ்வளவுதான். 1916-ல் நாட்காட்டி மாறியபின் மே 24 ஆயிற்று. 1990-ல் சட்டப்படி பொது விடுமுறையானது. 2020-ல் விழாவின் பெயரை நீட்டி, பல்கேரிய எழுத்து என்ற சொல்லையும் சேர்த்தார்கள்.

2007-ல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் சிரிலிக் அங்கே மூன்றாவது எழுத்தாக ஏறியது. 2013 முதல் வெளியான யூரோ நோட்டுகளில் லத்தீன், கிரேக்க எழுத்துகளுக்குப் பக்கத்தில் சிரிலிக்கிலும் நாணயத்தின் பெயர் அச்சாகிறது. கையில் நோட்டு கிடைக்கும் அன்பர்கள் பார்த்துக்கொள்ளலாம்.